யாழ்ப்பாணத்துக்கு முதற் பயணம்: 14 இடங்கள் வேண்டாம், நான்கு போதும்

அன்புள்ள சகோதரிக்கு,

தலவாக்கலையிலிருந்து நீங்கள் எழுதிய கடிதம் கிடைத்தது. ஆகஸ்ட் பாடசாலை விடுமுறையில், போகவர ஐந்து நாட்கள் வைத்துக்கொண்டு, கணவர், முழங்கால் வலியுள்ள 68 வயது மாமியார், 12 வயதிலும் 8 வயதிலும் இரண்டு பிள்ளைகள் என்று ஐந்து பேராக யாழ்ப்பாணம் போக இருப்பதாகவும், உங்களில் எவரும் இதற்கு முன் அங்கே போனதில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். மாமியாருக்கு நல்லூரில் நின்று கும்பிட வேண்டும். கணவருக்கு நண்டுக் கறியும் கூழும் வேண்டும். பிள்ளைகளுக்குக் கடல் வேண்டும். கணவரின் நண்பர் 14 இடங்களின் பட்டியல் ஒன்றைக் கொடுத்து, வேன் பிடித்தால் இரண்டு நாளில் முடித்துவிடலாம் என்று சொல்லியிருக்கிறார். அலைச்சல் இல்லாமல் போய்வர வழி கேட்கிறீர்கள். கடைசிப் பந்தியில் தயங்கித் தயங்கி இன்னொன்றும் கேட்டிருக்கிறீர்கள். அதற்கும் மறைக்காமல் பதில் எழுதுகிறேன்.

முதலில் அந்தப் பட்டியல். நெடுந்தீவு ஒரு திசையிலும் பருத்தித்துறை அதற்கு எதிர்த் திசையிலும் கீரிமலை வடக்கு ஓரத்திலும் இருக்க, இவற்றையெல்லாம் இரண்டு நாளில் சுற்றினால் உங்கள் மாமியார் யாழ்ப்பாணத்தில் பார்க்கப்போவது வேனின் முன்னிருக்கையைத்தான். ஆகவே நல்லூர், கீரிமலை, கோட்டையும் நூலகமும் சேர்ந்த ஒரு மாலை, நயினாதீவு அல்லது கசூரினாக் கடற்கரை என்ற இரண்டில் ஒன்று, ஆக நான்கை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை வெட்டிவிடுங்கள் என்பதே என் ஆலோசனை. இதற்குத் தூரம் ஒரு காரணம்; அதைவிடப் பெரிய காரணம் வெயில். தலவாக்கலை கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,200 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. யாழ்ப்பாணம் கடலோடு கடலாகக் கிடக்கும் சமதரை. நம் பக்கத்தில் நண்பகலிலும் வேலை செய்யலாம், நடக்கலாம். அங்கே ஆகஸ்ட் மாதத்தில் காலை பத்து மணிக்குப் பின் வெளியில் நிற்பதே பாரம். அந்த ஊர் மக்களே காலையிலும் மாலையிலும் நடமாடி, உச்சிப்பொழுதை வீட்டுக்குள் கழிக்கிறார்கள். உங்கள் நாளும் அப்படியே அமையட்டும்: ஆறு மணியிலிருந்து பத்து மணிவரை ஒரு வெளிப்பயணம், பிறகு சாப்பாடும் உறக்கமும், நான்கு மணிக்குப் பின் இன்னொரு சிறு பயணம். இந்த அளவோடு நின்றால் மாமியாரின் முழங்காலும் தாங்கும், பிள்ளைகளும் சிணுங்கமாட்டார்கள்.

நாள் குறிக்கும் முன் பஞ்சாங்கத்தைப் பாருங்கள். நல்லூர்க் கந்தசுவாமி கோயிலின் பெருந்திருவிழா 25 நாட்கள் நடந்து, ஆவணி அமாவாசைத் தீர்த்தத்துடன் நிறைவுக்கு வருகிறது. தீர்த்தத்துக்கு முதல் நாள் தேர். திருவிழாவின் கடைசிப் பத்து நாட்களில் வெளிநாடுகளில் வாழும் யாழ்ப்பாணத்தவர்களும் வந்து சேர்வதால் விடுதிகளில் அறை கிடைப்பது அரிது. கோயிலைச் சுற்றியுள்ள வீதிகளில் வாகனங்களை விடமாட்டார்கள். மணல் பரப்பிய வீதியில் வெறுங்காலுடன் நெடுந்தூரம் நடக்க வேண்டும். தேர் பார்ப்பதே மாமியாரின் ஆசையென்றால், அதற்கென்று மட்டும் ஒரு பயணம் வையுங்கள். அது பெரிய பாக்கியந்தான், ஆனால் ஓய்வான பயணமாக இருக்காது. கோயிலில் நின்று கும்பிட்டால் போதும் என்பவராயின், திருவிழாவின் முற்பகுதியிலோ தீர்த்தம் முடிந்த பின்னரோ உங்கள் விடுமுறை விழுகிற மாதிரி நாட்களைத் தேர்ந்தெடுங்கள். உணவை முன்னிட்டும் இது முக்கியம்: திருவிழாக் காலத்தில் ஏராளமான வீடுகளில் மச்சம், அதாவது மீனும் இறைச்சியும், சமைப்பதில்லை. கடைகளில் கிடைக்கும் என்றாலும், வீட்டுப் பக்குவத்தில் கூழ் காய்ச்சித் தரும்படி அந்த நாட்களில் ஒருவரைக் கேட்பது முறையாக இருக்காது.

வழிப்பயணத்தை ஒரே மூச்சில் முடிக்க வேண்டாம். கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் ஏ9 வீதியில் ஏறத்தாழ 320 கிலோமீற்றர். தலவாக்கலையிலிருந்து கண்டிக்கு வரும் வளைவு வழியையும் சேர்த்தால் 400 கிலோமீற்றரை எட்டிவிடும். கணவரின் அத்தை கிளிநொச்சியில் இருப்பதாகக் கடிதத்தில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். இந்தப் பயணத்துக்கு அதைவிட நல்ல வாய்ப்பு இல்லை. முதல் நாள் இரவு அவர் வீட்டில் தங்குங்கள். 1977இலும் 1983இலும் மலையகத்தில் தமிழருக்கு எதிராக நடந்த வன்முறைகளுக்குப் பிறகு வன்னிக்குப் போய்க் குடியேறிய நம் குடும்பங்கள் எத்தனையோ. அந்த வீட்டில் ஓர் இரவு இருந்து பேசினால், நீங்கள் போவது அந்நிய நிலத்துக்கு அல்ல என்பது பிள்ளைகளுக்குத் தானாகவே விளங்கும். கிளிநொச்சிக்குச் சற்று முன்னால் முறிகண்டிப் பிள்ளையார் கோயில் வரும். அந்த வழியில் போகிற வாகனங்கள் அங்கே நின்று, கற்பூரம் கொளுத்திக் கும்பிட்டுவிட்டுப் போவது வழக்கம். பக்கத்தில் விற்கும் வறுத்த கச்சானை வாங்கிப் பிள்ளைகளுக்குக் கொடுங்கள். அடுத்த நாள் காலை இளவெயிலில் ஆனையிறவைக் கடந்தால், ஒன்றரை மணி நேரத்தில் நகருக்குள் இருப்பீர்கள். ரயிலில் போக விரும்பினால், மலையகப் பாதையில் இறங்கிப் பொல்காவலையில் வடக்குப் பாதைக்கு மாற வேண்டும். மாமியாரையும் பைகளையும் வைத்துக்கொண்டு மேடை மாறுவதை யோசித்துப் பாருங்கள். ரயிலே வசதி என்று முடிவெடுத்தால், சேவை எப்படி ஓடுகிறது என்பதைப் புறப்படும் வாரத்தில் நிலையத்தில் கேட்டு உறுதிப்படுத்துங்கள்.

தங்குமிடத்தை நல்லூர்ப் பக்கம் பாருங்கள். நகரின் மையத்தைவிட அமைதியானது, கோயிலுக்கு நடந்தே போகலாம், பிள்ளைகளுக்கு மாலையில் ஐஸ்கிரீம் கடைகளும் அருகில் இருக்கும். அறை கீழ்த்தளத்தில் இருக்க வேண்டும், குளியலறையில் உட்காரும் கழிப்பறை இருக்க வேண்டும் என்ற இரண்டையும் தொலைபேசியிலேயே கேட்டுவிடுங்கள். வீட்டோடு சேர்ந்த சிறு விடுதியாக இருந்தால் இன்னும் நல்லது. ஏனென்று சாப்பாட்டைப் பற்றி எழுதும்போது சொல்கிறேன்.

நல்லூருக்கு அதிகாலையில் போங்கள். அங்கே பூசைகள் குறித்த மணிக்குப் பிசகாமல் நடக்கும். ஐந்து நிமிடம் பிந்தினாலும் நடை சாத்தியிருக்கக் கூடும் என்பதால், நேரங்களை முதல் நாளே விசாரித்து வையுங்கள். ஆண்கள் மேற்சட்டையைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். உங்கள் மகனுக்கும் அதை முன்கூட்டியே சொல்லி வைத்தால் வாசலில் வெட்கப்பட்டு நிற்கமாட்டான். உள்ளே படம் எடுக்கக் கூடாது. 1621இல் போர்த்துக்கேயர் பழைய கோயிலை இடித்தார்கள். இப்போதுள்ள கோயில் ஒல்லாந்தர் காலத்தில், 1734இல், வேறோர் இடத்தில் எழுந்தது. கோயிலிலிருந்து சிறிது தூரத்திலேயே மந்திரிமனை, சங்கிலியன் தோப்பு, பகர வடிவிலான யமுனா ஏரி ஆகியவை இருக்கின்றன. இவை யாழ்ப்பாண இராசதானியை நினைவூட்டும் சின்னங்கள். முச்சக்கரவண்டி ஒன்றை அமர்த்தினால் ஒரு மணி நேரத்தில் மூன்றையும் பார்த்துவிட்டு, வெயில் ஏறும் முன் அறைக்குத் திரும்பலாம்.

கீரிமலைப் பயணத்தை நான் மிகவும் விரும்பிச் சொல்கிறேன், அதற்குக் காரணம் போகும் வழி. திரும்பிய பக்கமெல்லாம் அருவியும் ஓடையும் பார்த்து வளர்ந்த நம் பிள்ளைகள், ஆண்டு முழுவதும் ஓடும் ஓர் ஆறுகூட இல்லாத ஒரு குடாநாட்டில் இத்தனை இலட்சம் மக்கள் எப்படி வாழ்கிறார்கள் என்று அந்த வழியில்தான் பார்க்க முடியும். நிலத்தின் அடியில் சுண்ணாம்புக்கல். மழைநீர் அதற்குள் இறங்கித் தேங்குகிறது. மக்கள் கிணறு வெட்டி அதை எடுத்துக் குடிக்கிறார்கள், அதையே இறைத்துப் பயிர் செய்கிறார்கள். கோண்டாவில், இணுவில், சுன்னாகம் என்று போகும்போது இரு பக்கமும் செம்மண் தோட்டங்களில் வெங்காயமும் மிளகாயும் புகையிலையும் வாழையும் நிற்கும். தேயிலை மலையில் பிறந்தவர்களுக்குத் தோட்டம் என்றால் ஒரு முழு மலை; அங்கே ஒரு குடும்பம் தன் கிணற்றை நம்பிச் செய்யும் சில பரப்பு நிலந்தான் தோட்டம். சுன்னாகம் சந்தையில் இறங்கி அரை மணி நேரம் நில்லுங்கள். முருங்கைக்காய்க் கட்டுகளும் வாழைக்குலைகளும் குவிந்து கிடப்பதைப் பார்த்தால், மத்தியானம் இலையில் என்ன வரப்போகிறது என்று தெரிந்துவிடும்.

அங்கிருந்து மாவிட்டபுரம் வழியாகக் கீரிமலை. கடலுக்கு அடுத்தாற்போல், ஒரு சுவருக்கு அப்பால், நன்னீர் ஊற்றுக் கேணி இருக்கிறது. ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனிக் கேணிகள். உப்புக் கடலின் ஓரத்தில் இந்த நல்ல தண்ணீர் ஊறுவதும் முன்சொன்ன சுண்ணாம்புக்கல்லின் வேலையே. பிள்ளைகள் ஆசை தீரக் குளிக்கட்டும், ஆனால் பாறைக் கரையில் கடலுக்குள் இறங்க விடாதீர்கள். மாமியார் கேணிப் படிகளில் இறங்க வேண்டாம், படிகள் வழுக்கும். ஈழத்துப் பஞ்ச ஈச்சரங்கள் எனப்படும் ஐந்து பழைய சிவன் கோயில்களில் ஒன்றான நகுலேஸ்வரம் பக்கத்திலேயே இருக்கிறது, அவரை அங்கே அமர்த்திவிட்டு நீங்கள் கேணிக்குப் போகலாம்.

இனிச் சாப்பாடு. யாழ்ப்பாணச் சமையலின் தனித்தன்மை அந்த வறண்ட நிலத்திலிருந்து வந்தது என்று நான் உறுதியாக நம்புகிறேன். பனையும் எள்ளும் முருங்கையும் அதிக மழை கேட்பதில்லை. கடல் மூன்று பக்கமும் கை நீட்டினால் கிடைக்கிறது. மிச்சப்பட்டதையெல்லாம் வெயில் காய வைத்துக் கொடுக்கிறது. ஒடியல் கூழ் இவை அனைத்தும் ஒரு சட்டிக்குள் சேர்ந்த உணவு. பனங்கிழங்கைப் பிளந்து காயவைத்தால் ஒடியல். அதை இடித்த மாவைத் தண்ணீரில் ஊறவிட்டு, கசப்புப் போக வடித்து, மீனும் நண்டும் இறாலும் பயற்றங்காயும் பலாக்கொட்டையும் மரவள்ளியும் வெந்துகொண்டிருக்கும் சட்டியில் கரைத்து ஊற்றி, புளியும் அரைத்த செத்தல் மிளகாயும் சேர்த்துக் காய்ச்சுகிறார்கள். அரை நாள் வேலை அது. நாலு பேருக்கென்று காய்ச்சுவதில்லை. வீடே கூடியிருந்து பிளாவில் ஊற்றிக் குடிப்பதுதான் மரபு. பிளா என்பது பனையோலையை மடித்துக் கட்டிய ஏனம். வீட்டோடு சேர்ந்த விடுதியைப் பாருங்கள் என்று சொன்னது இதற்காகத்தான். அந்த வீட்டு அம்மாவிடம் இரண்டு நாள் முன்னதாகவே சொல்லி, சாமான்களுக்கும் அவர் உழைப்புக்கும் உரிய பணத்தைத் தாராளமாகக் கொடுத்து, ஒரு பகலைக் கூழுக்கென்றே ஒதுக்கி வையுங்கள். அன்று மாலை வேறெந்தப் பயணமும் வேண்டாம். குடித்த பிறகு நீங்களே எழுந்திருக்க விரும்பமாட்டீர்கள்.

பிள்ளைகள் நண்டும் இறாலும் இதுவரை அதிகம் சாப்பிட்டதில்லை என்றால், முதலில் சிறிதளவு கொடுத்துப் பாருங்கள். சிலருக்கு உடம்பில் தடிப்பு, அரிப்பு வரக்கூடும். உறைப்பும் நம் வீட்டுக் கறியைவிடக் கூடுதலாக இருக்கும். வறுத்து இடித்த மிளகாய்த்தூளில் ஆக்கிய நண்டுக் கறி கரும்சிவப்பாக வரும்போது, அந்தக் குழம்பு பிள்ளைகளுக்கு வேண்டாம். அவர்களுக்குச் சொதியும் பொரித்த மீனும் கேளுங்கள். நண்டை அன்றன்று காலையில் வருவதைப் பார்த்தே வாங்க வேண்டும். குருநகரிலும் பாசையூரிலும் மீன் சந்தைகள் இருக்கின்றன. கணவர் ஒரு காலையில் பாசையூருக்குத் தனியே போய்வரட்டும், அவருக்கு அது ஒரு கோயில் தரிசனம் போலவே இருக்கும். நிலவுக் காலத்தில் நண்டில் சதை குறைவு என்று மீனவர்கள் சொல்வார்கள். அப்படிச் சொல்லி வேறொன்றை எடுக்கச் சொன்னால் அவர்கள் பேச்சைக் கேளுங்கள்.

வெள்ளிக்கிழமை மாமியார் மச்சம் தொடமாட்டார் என்று எழுதியிருந்தீர்கள். அதனால் எந்தக் குறையும் வராது. யாழ்ப்பாணத்துச் சைவக் கடைகள் நகரமெங்கும் இருக்கின்றன, வெள்ளிக்கிழமை மத்தியானம் அங்கே இடம் பிடிப்பதுதான் சிரமம். பன்னிரண்டு மணிக்கு முன்னரே போய்விடுங்கள். கத்தரிக்காய்க் குழம்பு, முருங்கைக்காய்க் கறி, கீரைக் கடையல், மோர் மிளகாய்ப் பொரியல், அப்பளம், பாயசம் என்று வருவதை அவர் நிதானமாக இருந்து சாப்பிடட்டும். காலையில் இடியப்பமோ புட்டோ சொதியும் சம்பலும் சேர்த்து எளிமையாக முடித்துக்கொள்ளுங்கள். மத்தியானத்துக்கு வயிற்றில் இடம் இருக்க வேண்டும். ஆகஸ்டில் கறுத்தக் கொழும்பான் மாம்பழம் பெரும்பாலும் முடிந்துவிடும். அதற்குப் பதிலாகப் பனம்பழம் விழத் தொடங்கியிருக்கும். பனங்காய்ப் பணியாரம் சுடச்சுடக் கிடைத்தால் விடாதீர்கள், மணம் முதலில் புதிதாகத் தோன்றினாலும் இரண்டாவதிலிருந்து பிடித்துப்போகும்.

கோட்டையையும் பொது நூலகத்தையும் ஒரே மாலையில் பார்க்கலாம், இரண்டும் ஒன்றுக்கொன்று பக்கம். நூலகத்தில் பார்வையாளருக்கென்று குறித்த நேரம் உண்டு. முதலில் அதை விசாரித்து, அதற்கேற்பக் கோட்டைக்குப் போங்கள். 1981 மே 31ஆம் திகதி இரவு தொடங்கிய தீயில் சுமார் 97,000 நூல்கள் எரிந்தன. உங்கள் மூத்த பிள்ளைக்கு 12 வயது. அவளுக்கு இதை விளங்கும்படி சொல்லுங்கள், மீண்டும் எழுந்த அந்த வெள்ளைக் கட்டடத்துக்குள் இப்போது பிள்ளைகள் படித்துக்கொண்டிருப்பதையும் காட்டுங்கள். எட்டு வயதுக்காரனுக்கு வாசலில் உள்ள சரஸ்வதி சிலையே போதும். கோட்டை போர்த்துக்கேயர் தொடங்கியது; 1658இல் ஒல்லாந்தர் அதைப் பிடித்துப் பின்னர் ஐந்து மூலை வடிவத்தில் கட்டினார்கள்; சுவர்களில் பவளப்பாறைக் கற்களைக் கையால் தொட்டுப் பார்க்கலாம். போரில் இடிந்தவற்றில் ஒரு பகுதியைத் திருத்திக் கட்டியிருக்கிறார்கள். மதிலின் மேல் ஏறினால் பண்ணைக் கடலின் காற்று நன்றாக வீசும். மாமியார் கீழேயே நிழலில் இருக்கட்டும்.

நான்காவது பயணத்தை அந்த நேரத்து உடல்நிலையைப் பார்த்து முடிவு செய்யுங்கள். நயினாதீவு நாகபூஷணி அம்மனைக் காண மாமியார் விரும்பினால், விடியற்காலையில் புறப்பட்டுக் குறிகட்டுவான் இறங்குதுறைக்குப் போய்ப் படகு ஏற வேண்டும். படகில் ஏறி இறங்கும்போது இரண்டு பக்கமும் ஆள் பிடிக்க வேண்டியிருக்கும், மத்தியானம் கோயிலில் அன்னதானம் உண்டு. முழங்கால் ஒத்துழைக்காவிட்டால் கசூரினாவுக்குப் போங்கள், கடல் ஆழமற்றது, பிள்ளைகளின் ஆசையும் நிறைவேறும். நெடுந்தீவு இந்த முறை வேண்டாம்.

உங்கள் கடைசிக் கேள்விக்கு வருகிறேன். தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்தவர்கள் என்று பேச்சிலேயே தெரிந்துவிடும், ஒரு மாதிரியாக நடத்துவார்களோ என்று கேட்டிருக்கிறீர்கள். அப்படி நடத்தப்பட்டவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள், அந்தக் காயத்தை இல்லையென்று சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் இன்று யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் நம் பிள்ளைகள் படிக்கிறார்கள். வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் நம்மவர்கள் ஊன்றி நிற்கிறார்கள். எந்த இடம் என்று அங்கே உங்களைப் பலர் கேட்பார்கள்; புதிதாக வரும் எவரையும் அவர்கள் அப்படித்தான் கேட்பார்கள், அதில் வேறு பொருள் தேட வேண்டாம். தலவாக்கலை என்று முழுக்குரலில் சொல்லுங்கள். பெரும்பாலும் அடுத்த கேள்வி தேயிலையைப் பற்றியோ குளிரைப் பற்றியோ இருக்கும், அதிலிருந்து பேச்சு வளரும். யாராவது முகம் சுளித்தால், அந்தக் கடையில் உங்கள் பணத்தைக் கொடுக்காமல் அடுத்த கடைக்குப் போங்கள். விடுதி வீட்டாருக்குக் கொடுக்க ஒரு கிலோ நல்ல தேயிலைத் தூள் எடுத்துப்போவது சாலப் பொருத்தம்.

மற்றபடி, பருத்தித் துணிகளையே எடுத்துப் போங்கள், நம் ஊர்க் கம்பளிச் சட்டை ஒன்று கண்டி தாண்டும்வரை கையில் இருந்தால் போதும். அங்கே கிணற்றுத் தண்ணீர் கடினமானது, குடிக்கப் போத்தல் தண்ணீரையோ கொதித்தாறிய நீரையோ பயன்படுத்துங்கள்; தாகம் எடுக்கும் முன்பே பிள்ளைகளுக்குக் கொடுத்துக்கொண்டிருங்கள். மாமியாரின் மருந்துகள் ஏழு நாளுக்கு இருக்கட்டும். திரும்பும்போது வாங்குவதற்குப் பனங்கட்டி, பனாட்டு, ஒடியல் மா, நல்லெண்ணெய், வடகம், மோர் மிளகாய் ஆகியவை பயணத்தைத் தாங்கும். நகரில் பனைப் பொருட்கள் விற்கும் கடைகளில் புறப்படுவதற்கு முந்திய நாள் மாலையே வாங்கி வைத்துவிடுங்கள். ஐந்தாம் நாள் காலை ஐந்து மணிக்குப் புறப்பட்டால், மத்தியானச் சாப்பாட்டைத் தம்புள்ளையிலோ மாத்தளையிலோ முடித்துக்கொண்டு, மலையேறும் வழியில் மாலை மூட்டம் இறங்கும் முன் வீடு சேரலாம். அதற்குமேல் பிந்தினால் கண்டியிலேயே இரவு தங்கிவிட்டு மறுநாள் வாருங்கள், இருட்டிலும் மழையிலும் அந்த வளைவுகளில் ஓட்டுநரை அவசரப்படுத்த வேண்டாம்.